கிரனாடாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: அல்ஹம்ப்ரா முதல் குகை ஃபிளமெங்கோ வரை

கிரனாடா போவதென்று முடிவு செய்தவுடன் விமான டிக்கெட்டைத் தேடாதீர்கள். முதலில் அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனை வளாகத்தின் டிக்கெட்டைப் பாருங்கள். தெற்கு ஸ்பெயினில், சியர்ரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரில் மற்ற எல்லாவற்றையும் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். அல்ஹம்ப்ராவை மட்டும் நகர்த்த முடியாது. அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு, அரை மணிக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பல வாரங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். கோடையிலும் அப்படித்தான்.

ஸ்பெயினின் மற்ற முஸ்லிம் நகரங்கள் ஒவ்வொன்றாகக் கிறிஸ்தவ அரசர்களிடம் விழுந்தபோது கடைசிவரை நின்றது கிரனாடா. கோர்தோபா 1236இல் கைமாறியது, செவியா 1248இல். நஸ்ரித் வம்சத்தின் முதல் அரசர் முதலாம் முகம்மது 1238இல் கிரனாடாவுக்குள் நுழைந்து, செம்மண் குன்றின்மேல் கோட்டையைத் தொடங்கினார். 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி அரசர் போஅப்தில் நகரத்தை இசபெல்லா அரசியிடமும் ஃபெர்தினாந்து அரசரிடமும் ஒப்படைத்தார். இடைப்பட்ட 250 ஆண்டுகளில் கட்டியதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். சரி, டிக்கெட்டுக்கு வருவோம்.

1. டிக்கெட் எடுப்பது

அல்ஹம்ப்ராவை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடினால் இடைத்தரகர் தளங்கள் முதலில் வந்து நிற்கும். அதே சீட்டை அவர்கள் கூடுதல் விலைக்கு, ஏதாவது ஒரு சுற்றுலாவோடு சேர்த்து விற்பார்கள். பொது நுழைவு என்ற வகை சுமார் 20 யூரோ. அதில் மூன்று பகுதிகள் அடக்கம்: அல்கசாபா கோட்டை, நஸ்ரித் அரண்மனைகள், ஹெனராலிஃபே தோட்டம். தோட்டத்துக்கும் கோட்டைக்கும் மட்டும் தனியாக ஒரு டிக்கெட் உண்டு. விலை குறைவாயிருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, அரண்மனை வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

டிக்கெட்டில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள், வாசலில் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே பெயரை உள்ளிடுங்கள். இனிஷியலையும் தந்தை பெயரையும் மாற்றிப் போடும் பழக்கம் நமக்கு உண்டு, அதில் கவனம். குழந்தைகளுக்கும் தனித்தனி டிக்கெட் வேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் நஸ்ரித் அரண்மனைக்குள் நுழையும் நேரம், வளாகத்துக்குள் நுழையும் நேரம் அல்ல. பிரதான நுழைவாயிலிலிருந்து அரண்மனை வாசலுக்கு நடக்கவே 15, 20 நிமிடம் ஆகும். தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள், கெஞ்சினாலும் பயன் இல்லை. உள்ளே போனபின் எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் விரட்டுவதில்லை.

காலை முதல் வேளையோ மாலை கடைசி வேளையோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் விடுமுறை.

2. போவதும் தங்குவதும்

மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மாலகா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குப் பேருந்து வசதி நன்றாக இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா கைக்கு வர ஆகும் நாட்களையும் கணக்கில் வைத்துத்தான் அல்ஹம்ப்ரா தேதியைக் குறிக்க வேண்டும்.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தால் அல்ஹம்ப்ராவை மட்டும் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. அல்பைசின் மேட்டிலிருக்கும் பழைய வீடுகளில் தங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். படங்களில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூழாங்கல் பதித்த செங்குத்துச் சந்துகளில் சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, பல சந்துகளுக்குள் டாக்சியும் வராது. பிளாசா நுவேவா சதுக்கத்தை ஒட்டித் தங்கினால் அல்ஹம்ப்ரா, அல்பைசின், கதீட்ரல் மூன்றுக்கும் நடந்தே போகலாம். காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அடிப்பகுதி வழுக்காததாக இருக்கட்டும்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கு வெயில் புதிதா என்று நினைப்பவர்கள்கூட மதியம் மூன்று மணிக்கு அல்பைசின் ஏறினால் நொந்துபோவார்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் ஊர் உண்மையிலேயே குளிரும், ஆனால் டிக்கெட் சுலபம்.

3. அல்ஹம்ப்ராவில் நடப்பது

பிளாசா நுவேவாவிலிருந்து கோமெரெஸ் சரிவுப் பாதையில் ஏறினால் மரங்களின் நிழலிலேயே மேலே போய்விடலாம். வழியில் கிட்டார் செய்யும் பட்டறைகள் இருக்கும். கிரனாடா கிட்டார் தயாரிப்புக்குப் பேர்போன ஊர். நடக்க முடியாதவர்களுக்குச் சி30 சிற்றுந்து இருக்கிறது. டிக்கெட்டை முன்பே வாங்கியவர்கள் 1348இல் கட்டப்பட்ட நீதி வாயில் வழியாகவே உள்ளே போகலாம். அங்கிருந்து அரண்மனை பக்கம்தான்.

உள்ளே போனதும் புதிதாக வருகிறவர்கள் செய்வது, கழுத்தை நிமிர்த்தி மேற்கூரையைப் படம் எடுத்துக்கொண்டே நகர்ந்துபோவது. நான் சொல்வது வேறு: உட்காருங்கள். இந்த அறைகள் தரையில் கம்பளம் விரித்து, திண்டில் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் கண்மட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. சன்னல்கள் அவ்வளவு தாழ இருப்பது அதனால்தான். கூட்டம் இடம் கொடுக்கும் மூலையில் ஒரு நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தால், நின்றபோது வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் வளைவுக்குள் வளைவாக முற்றமும் குளமும் வானமும் அடுக்கிவரும். சிங்க முற்றத்தை ஒட்டிய லிந்தராஹா மாடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அடுத்தது, சுவரைக் கீழிருந்து மேலே படிப்பது. கீழே இடுப்பளவுக்கு வண்ண ஓடு. நடுவே சுதை. உச்சியில் மரம். ஏறக்குறைய எல்லா அறைகளிலும் இதே வரிசைதான். ஓடுகளில் நட்சத்திரமும் பலகோணமும் பின்னிப்பின்னி ஓடும், எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தால் பிடிபடாது (காற்றில்தான் விரலை ஓட்ட வேண்டும், தொடக் கூடாது). சுதையில் கொடி, இலை, எழுத்து. அந்த எழுத்துகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: வெல்பவன் இறைவன் ஒருவனே. நஸ்ரித்களின் முத்திரை வாசகம் அது. காஸ்தீலியக் கிறிஸ்தவ அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த சிற்றரசு இதை எல்லாச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறது. பொருட்களும் விலை உயர்ந்தவை அல்ல. பளிங்கு கொஞ்சம்தான், மீதி ஜிப்சம், செங்கல், மண், மரம். இவ்வளவு சாதாரணச் சரக்கை வைத்துக்கொண்டு இதைச் சாதித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இந்த இடத்தின் பெரிய ஆச்சரியம்.

மிர்ட்டில் செடிவரிசை சூழ்ந்த முற்றத்தில் குளத்தின் இரு முனைகளிலும் இருக்கும் வட்டமான சிறு தொட்டிகளைக் கவனியுங்கள். தண்ணீர் அங்கே ஊறி, மெல்ல வழிந்து குளத்துக்குள் போகிறது. குளத்தில் அலை எழாது. அலை எழுந்தால் நீரில் தெரியும் கோமாரெஸ் கோபுரத்தின் பிம்பம் கலைந்துவிடும் அல்லவா? அந்தக் கோபுரத்துக்குள்தான் தூதர் மண்டபம், முதலாம் யூசுஃப் கட்டியது. அதன் மேற்கூரை 8,000க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளால் ஆனது, ஏழு வானங்களைக் காட்டுகிறது என்பார்கள்.

அடுத்த சிங்க முற்றம் அவருடைய மகன் ஐந்தாம் முகம்மதின் காலத்தது. நடுவே நீரூற்றுத் தொட்டியைத் தாங்கும் 12 பளிங்குச் சிங்கங்கள், சுற்றிலும் 124 மெல்லிய தூண்கள். தொட்டியின் விளிம்பைச் சுற்றி இபின் சம்ராக் என்ற கவிஞரின் வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீரும் பளிங்கும் ஒன்றுபோலத் தோன்றி, இரண்டில் எது ஓடுகிறது என்று தெரியாமல் மயங்குகிறோம் என்பது அதில் ஒரு கருத்து. அவர் அரசருக்கு அமைச்சராகவும் இருந்தவர். இரண்டு பக்க மண்டபங்களிலும் அண்ணாந்து பார்க்கத்தான் வேண்டும், அங்கே நான் சொன்ன விதி செல்லாது. தேன்கூட்டு அறைகளைப்போலச் சுதைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் தொங்கும் கூரைகள் அவை. அபென்செர்ராஜே மண்டபத் தொட்டியின் செங்கறையைக் காட்டி, இங்கே ஒரு குலத்தையே வெட்டிக் கொன்றார்கள், ரத்தக் கறை இன்னும் போகவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இரும்புத் துரு அது. கதை நல்ல கதை, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெனராலிஃபே தோட்டத்துக்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள். தாரோ ஆற்றை ஆறு கிலோமீட்டர் மேலேயே மறித்து, வாய்க்கால் வெட்டி, குன்றின் உச்சிக்கு நீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த அரச வாய்க்கால் இல்லையென்றால் அரண்மனையே இல்லை. தோட்டத்தின் மேல்கோடியில் நீர்ப்படிக்கட்டு இருக்கிறது. இருபுறக் கைப்பிடிச் சுவர்களின் மேற்புறமே வாய்க்கால், படி இறங்க இறங்கத் தண்ணீர் உங்கள் கையோடு இறங்கி வரும். பலர் கால் வலித்து அதுவரை ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள்.

அல்கசாபா கோட்டை மேலிருந்து தெரியும் காட்சிக்காக, ஏறிப் பார்த்துவிட்டு இறங்கலாம். பிற்காலக் கிறிஸ்தவ அரசர் ஐந்தாம் சார்லஸ் 1527இல் தொடங்கிய அரண்மனை நஸ்ரித் கட்டடங்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதன் வட்ட முற்றம் தனியாகப் பார்த்தால் அருமையான வேலை, நிற்கும் இடம்தான் தப்பு.

4. கீழே இறங்கி ஊருக்குள்

முஸ்லிம் கிரனாடா குன்றின்மேல் மட்டும் இல்லை. தாரோ ஆற்றை ஒட்டிய கர்ரேரா தெல் தாரோ தெருவில், 11ஆம் நூற்றாண்டுக் குளியல் இல்லமான பன்யுவேலோ இருக்கிறது. வளைவுக் கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள், அவற்றின் வழியாக மட்டும் வெளிச்சம். தூண்களின் தலைப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ரோமானியக் காலத்திலிருந்து கிடைத்ததையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் துணி துவைக்கும் இடமாகிப்போனதால் இடிபடாமல் தப்பியது.

அங்கிருந்து அல்பைசினுக்குள் ஏறுங்கள். கைபேசி வரைபடத்தை அணைத்துவிடுங்கள், அந்தச் சந்துகளில் அது எப்படியும் குழம்பும். ஏற்றம் என்றால் அல்பைசின், இறக்கம் என்றால் ஆறு, அவ்வளவு தெரிந்தால் போதும். கண்ணில் பட வேண்டியவை: தெருமுனைகளில் செங்கல் வளைவோடு இருக்கும் பழைய நீர்த்தொட்டிகள், பள்ளிவாசல் மினாரா மணிக்கூண்டாக மாறிய சான் ஹோசே தேவாலயம், பெரிய பள்ளிவாசலின் முற்றத்தை இன்னும் வைத்திருக்கும் சான் சல்வதோர் தேவாலயம், போஅப்திலின் தாயார் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தார் அல்-ஓர்ரா மாளிகை. உயரமான வெள்ளைச் சுவருக்குப் பின்னால் தோட்டத்தை ஒளித்துவைத்திருக்கும் வீடுகளுக்குக் கார்மென் என்று பெயர்.

சான் நிக்கோலாஸ் சதுக்கத்தில் மாலை நேரக் கூட்டம் தேர்த்திருவிழாக் கூட்டம்தான். எதிரே அல்ஹம்ப்ரா, பின்னால் பனிமலை, பக்கத்தில் உங்கள் பையைத் தடவும் கை. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஒட்டியே 2003இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்தும் இதே காட்சிதான், கூட்டம் பாதி.

நகர மையத்தில் 14ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரமான கொர்ரால் தெல் கார்போனை விட்டுவிடாதீர்கள். பழைய பட்டுச் சந்தையான அல்காய்செரியா 1843 தீயில் அழிந்து திரும்பக் கட்டியது, இப்போது பெரும்பாலும் நினைவுப்பொருள் கடைகள். கதீட்ரல் பக்கம் ரோஸ்மேரிக் கிளையை நீட்டிக்கொண்டு வரும் பெண்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். கையைப் பிடித்துச் சோசியம் சொல்லிவிட்டுப் பணம் கேட்பார்கள்.

5. ஃபிளமெங்கோ: ஆட்டத்துக்கு முன்னால் பாட்டு

ஒரு கணக்கை முதலில் சரிசெய்வோம். மூர்களின், அதாவது ஸ்பெயினின் பழைய முஸ்லிம்களின் இசைதான் ஃபிளமெங்கோ என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். நம் முகத்தைப் பார்த்ததும் கதக்தான் ஃபிளமெங்கோ ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. ஹிதானோ எனப்படும் ஸ்பெயினின் ரோமா (ஜிப்சி) மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பது மொழியாலும் மரபணுவாலும் உறுதியானது. அவர்கள் ஸ்பெயினுக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டில். ஆனால் ஃபிளமெங்கோ இன்றைய உருவத்துக்கு வந்தது 18, 19ஆம் நூற்றாண்டுகளில், தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதி நாட்டுப்பாடல்களும் ஹிதானோக்களின் பாணியும் வேறு பலவும் கலந்து. நேர்கோடு போட முடியாது.

பாட்டு, கிட்டார், ஆட்டம் மூன்றில் பாட்டுதான் மூத்தது. புதியவர்கள் ஆட்டக்காரியின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாட்டைத் தவறவிடுகிறார்கள். ஆட்டக்காரி ஓங்கி மிதித்துச் சட்டென்று நின்றால், அது பாடகருக்கு அழைப்பு. பாட்டு வந்ததும் கால் அடங்கும், கையும் தோளும் பேசும். பாட்டு நின்றபின் கால் வேகமெடுக்கும். கிட்டார்க்காரர் கண்ணெடுக்காமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பேச்சுவார்த்தை பிடிபட்டால், மொழி தெரியாவிட்டாலும் இரவு முழுக்க உங்களுடையது.

தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சொலேயா வகைப் பாட்டில் 12 எண்ணிக்கை, அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். அதாவது மூன்று மூன்றாக இரண்டு, இரண்டிரண்டாக மூன்று. போவதற்கு முன் வீட்டில் சில முறை எண்ணிப் பாருங்கள். ஆனால் நம் கச்சேரிப் பழக்கத்தில் அங்கே சத்தமாகத் தாளம் போடக் கூடாது. அவர்களுக்குக் கைதட்டுவது ஒரு வாத்தியம். குழிந்த உள்ளங்கையில் மந்தமாக ஒருவர், விரல்களால் கூர்மையாக இன்னொருவர் என்று பிரித்து வாசிக்கிறார்கள். உங்கள் தட்டல் அதில் கல்போல விழும். தொடையில் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல இடம் வந்தால் ஓலே என்று சொல்லலாம், கூச்சப்பட வேண்டாம்.

6. எங்கே கேட்பது

சாக்ரோமோந்தே மேட்டில் ஹிதானோக்கள் குடியிருந்த குகைகள் உண்டு. 1963 பெருமழையில் பலர் வெளியேற வேண்டியதாயிற்று, சில குகைகள் இன்றும் நிகழ்ச்சி நடத்துகின்றன. சாம்ப்ரா என்பது இந்த மேட்டின் தனி வகை, ஹிதானோக்களின் கல்யாணச் சடங்கு ஆட்டங்களிலிருந்து வந்தது. நீளமான, குறுகிய, வெள்ளையடித்த குகை. சுவரெல்லாம் செம்புப் பாத்திரம். இரண்டு பக்கமும் வரிசையாக நாற்காலி. ஆட்டம் நடுவே நடப்பதால் பாவாடை விளிம்பு முழங்காலில் உரசிக்கொண்டு போகும்.

சுற்றுலாக்காரர்களுக்கான நிகழ்ச்சிதானே என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், அப்படித்தான், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே. அதற்காகக் கலைஞர்கள் சோடை போய்விடவில்லை. சிறிய குகையாக, ஒலிபெருக்கி இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். பேருந்து, சாப்பாடு, நகர்வலம் எல்லாம் சேர்த்து விற்கும் பொட்டலத்தைத் தவிர்த்து நிகழ்ச்சிக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள், 25 யூரோவை ஒட்டி இருக்கும். அன்றைய இரண்டாவது காட்சி முதலாவதைவிடப் பெரும்பாலும் சூடு பிடித்திருக்கும். திரும்ப சி34 சிற்றுந்து உண்டு, கடைசி வண்டி நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பதில் ருசி வந்தவர்களுக்கு அல்பைசினில் லா பிளாத்தேரியா இருக்கிறது. 1949இல் தொடங்கிய ரசிகர் மன்றம், இந்த வகையில் மிகப் பழையது என்பார்கள். வெளியாட்களையும் அனுமதிக்கும் நிகழ்ச்சி பெரும்பாலும் வியாழன் இரவில். அங்கே பாட்டு நடக்கும்போது பேசினால் பக்கத்து மேசையே அதட்டும்.

1922 ஜூனில் இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் இளம் கவிஞரான லோர்காவும் மற்ற நண்பர்களும் சேர்ந்து, தொழில்முறைப் பாடகர் அல்லாதவர்களுக்காக ஆழ்பாட்டு (ஃபிளமெங்கோவின் பழைய, கனமான பாட்டு வகை) போட்டி ஒன்றை நடத்தினார்கள். நடந்த இடம் அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நீர்த்தொட்டிச் சதுக்கம், கோட்டைக்கும் சார்லஸ் அரண்மனைக்கும் நடுவே இருப்பது. எல் தெனாசாஸ் என்ற முதியவரும் 12 வயது மனோலோ கரக்கோலும் பரிசு வாங்கினார்கள். முதியவர் ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்று ஒரு கதை. கரக்கோல் பிறகு பெரிய பேர் வாங்கினார்.

7. சாப்பாடு

கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு தின்பண்டம் இலவசம். எது வரும் என்பது கடைக்காரர் இஷ்டம், பன்றி இறைச்சி வர வாய்ப்பு அதிகம். சைவர்கள் பானம் சொல்லும்போதே 'சின் கார்னே, சின் ஹமோன்' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றித் தருவது நிம்மதியாகக் கேட்கக்கூடியது, ருசியும் நன்றாக இருக்கும். சாக்ரோமோந்தே ஆம்லெட் என்று பட்டியலில் கண்டால் ஜாக்கிரதை: பழைய முறைப்படி அதில் ஆட்டு மூளையும் விதைப்பையும் போடுவார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான், ஏழு மணிக்குப் போனால் பல சமையலறைகள் பூட்டியிருக்கும்.

8. டிக்கெட் கிடைக்கவே இல்லையென்றால்

ரத்தாகும் டிக்கெட்டுகள் அதே தளத்துக்குத் திரும்பி வருவதுண்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை பாருங்கள். இரவு நேர அரண்மனைப் பார்வைக்கு வேறு டிக்கெட், அதிலும் முயலலாம். வெளிச்சம் குறைவு, ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். நகர அட்டை, அல்பைசின் நினைவிடங்களோடு சேர்ந்த கூட்டு டிக்கெட் ஆகியவற்றில் அல்ஹம்ப்ரா இடம் தனியாக ஒதுக்கியிருப்பதால் அவற்றையும் பாருங்கள். எதுவும் அமையாவிட்டாலும் மேலே ஏறுங்கள். நீதி வாயில், சார்லஸ் அரண்மனையின் முற்றம், காயே ரெயால் தெரு இவற்றுக்கெல்லாம் டிக்கெட்டே வேண்டாம்.